மேடைக்கு உடை வடிவமைக்கும் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரதநாட்டியம், நாட்டிய நாடகம், மேடை நாடகம் ஆகிய மூன்றுக்கும் சென்னையில் உடை செய்து தருகிறேன். ஃபேஷன் படிக்கும் பிள்ளைகள், நடனம் கற்று மேடைக்குப் பின்னால் வேலை செய்ய நினைப்பவர்கள், மகளின் அரங்கேற்றத்துக்கு உடை எடுக்க வந்து அப்படியே தொழிலைப் பற்றியும் விசாரிக்கும் அம்மாக்கள் என்று பலரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் சௌகரியம்.

இது தையல் வேலையா, டிசைனர் வேலையா?

நாட்டிய உலகத்தில் நெடுங்காலமாக இரண்டும் ஒருவரே. மயிலாப்பூர் பக்கம் தலைமுறையாக நாட்டிய உடை தைக்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். முன்புறம் கால்களுக்கு நடுவே விரியும் விசிறி மடிப்பு எத்தனை விரல் அகலம், கரை எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கைக்கே தெரியும். அங்கே டிசைனர் என்று தனியாக ஒருவர் வந்தது பின்னாளில்தான். அகமதாபாத்தில் என்.ஐ.டி. என்னும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த, டெல்லியைச் சேர்ந்த சந்தியா ராமன் போன்றவர்கள் நாட்டியக் கலைஞர்களுக்கென்றே வடிவமைக்கத் தொடங்கிய பிறகு, இதைத் தனித் தொழிலாகப் பார்க்கும் வழக்கம் கொஞ்சம் பரவியது.

நாடகத்தில் பிரிவு தெளிவாக இருக்கும். இயக்குநரோடு உட்கார்ந்து பாத்திரம் என்ன உடுத்தும், ஏன் உடுத்தும் என்று முடிவு செய்பவர் வடிவமைப்பாளர். வெட்டித் தைப்பவர் மாஸ்டர். நிகழ்ச்சி அன்று மேடைக்குப் பின்னால் நின்று மாட்டிவிடுபவர் வேறொருவர். சின்னக் குழு என்றால் மூன்றும் நீங்கள்தான். டீ வாங்கி வருவதும் நீங்கள்தான்.

எனக்குப் படம் வரைய வராது. இந்தத் தொழிலுக்கு வரலாமா?

வரலாம். வரைவது உதவும், ஆனால் அதைவிட ஒத்திகையில் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை முக்கியம். நான் பார்த்தவரை நன்றாக வரைந்து கொண்டுவந்து மேடையில் சொதப்பியவர்கள் எல்லாரும் ஒத்திகைக்கு வராதவர்கள். படத்தில் இருக்கும் உருவம் அசையாது. மேடையில் இருப்பவர் குதிப்பார், உருளுவார், இன்னொருவரைத் தோளில் தூக்குவார். கையை எந்தப் பக்கம் வீசுகிறார், எந்த வசனத்தில் தரையில் உட்காருகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாலே உடையில் பாதி முடிவாகிவிடும்.

தைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. பிரமாதமாக வேண்டாம். நேர்த்தையல், கைத்தையல், கொக்கி வைப்பது, ஒரு ரவிக்கையைப் பிரித்து மீண்டும் மூட்டுவது இவ்வளவு போதும். இது தெரியாவிட்டால் மாஸ்டர் “முடியாதுங்க” என்று சொல்லும்போது, நிஜமாகவே முடியாதா, இன்றைக்கு நேரமில்லையா என்று உங்களுக்குப் புரியாது.

எங்கே படிக்கலாம்?

மேடை உடைக்கு மட்டும் என்று பட்டப்படிப்பு தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். இருக்கிற வழிகள் இவை.

டெல்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி. மூன்றாண்டுப் படிப்பில் வடிவமைப்பையும் இயக்கத்தையும் சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். பட்டதாரியாக இருக்க வேண்டும், நாடகத்தில் வேலை செய்த அனுபவமும் கேட்பார்கள். இடங்கள் மிகக் குறைவு. பெங்களூரிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. பக்கத்திலேயே என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையும் இருக்கின்றன. அங்கே நாடகத்தை முழுதாகப் படிப்பீர்கள், உடை அதில் ஒரு பகுதி. துணியையும் வெட்டுவதையும் ஆழமாகக் கற்க வேண்டும் என்றால் சென்னை தரமணியில் நிஃப்ட் என்னும் ஃபேஷன் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே மேடையைப் பற்றிச் சொல்லித் தருவது குறைவு, அதை நீங்களாகத் தேடிப் போக வேண்டும்.

என்னைக் கேட்டால், எந்தப் படிப்பாக இருந்தாலும் அதோடு ஒரு நாடகக் குழுவில் ஒட்டிக்கொள்ளுங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து இன்றைய கல்லூரிக் குழுக்கள் வரை, எந்தக் குழுவிலும் உடைப் பெட்டியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

பரதநாட்டிய உடை காலங்காலமாக ஒரே மாதிரிதானே? அதில் வடிவமைக்க என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. இன்று நாம் “மரபான” உடை என்று சொல்லும், விசிறி வைத்துத் தைத்த உடைக்கு வயது நூறு கூட ஆகவில்லை. அதற்கு முன் சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) ஆடிய பெண்கள் பைஜாமாவின் மேல் கனமான ஜரிகைச் சேலையைச் சுற்றிக் கட்டி, ஒட்டியாணத்தால் இறுக்கி ஆடினார்கள். அந்த மரபில் வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி கடைசிவரை சேலை கட்டும் அந்த வழியை விடவில்லை.

கலாக்ஷேத்ரா என்ற நாட்டியப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி 1935 இறுதியில் அடையாறில் முதல் முறையாக மேடை ஏறியபோது உடை மாறியது. கோயில் சிற்பங்களைப் பார்த்து, உடம்பின் கோடுகள் தெரியும்படி தைத்த உடை வேண்டும் என்று நினைத்தார். அதற்குத் துணை நின்றவர் மேடம் கஸான் என்ற இத்தாலியர். யோசித்துப் பாருங்கள்: சிற்பத்திலிருந்து எடுத்த வடிவம், ஐரோப்பியத் தையல் அறிவு, காஞ்சிபுரத்துப் பட்டு, மூன்றும் சேர்ந்து உருவானதைத்தான் நாம் ஆதிகாலத்து உடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த சில ஆண்டுகளில் கலாக்ஷேத்ராவிலேயே தறி போட்டு நெய்யவும் தொடங்கினார்கள். உடையைப் பற்றிய யோசனை துணி நெய்வதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்பதை அன்றே புரிந்துகொண்டவர் அவர்.

அதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் நடன அமைப்பாளர் சந்திரலேகா. 1985-இல் வந்த ‘அங்கிகா’வையும் அதற்குப் பின் வந்த படைப்புகளையும் பாருங்கள். ஜொலிக்கும் நகைகள் இல்லை, தைத்த விசிறி இல்லை. எளிமையாகச் சுற்றிய சேலை, உடம்பு, தரை. அலங்காரத்தைக் கழற்றிவிட்டதால் முதுகெலும்பின் ஒவ்வொரு அசைவும் தெரிந்தது. அதுவும் வடிவமைப்புதான். எதைச் சேர்க்காமல் விடலாம் என்று முடிவு செய்வது சில சமயம் கடினமான பகுதி, ஏனென்றால் கூலி கொடுப்பவருக்கு அது வேலையாகவே தெரியாது.

ஆக, அரங்கேற்ற உடையில்கூட முடிவு செய்ய நிறைய இருக்கிறது. பாவாடை மாதிரியா, பைஜாமா மாதிரியா, சேலை மாதிரியா, விசிறி ஒன்றா இரண்டா, கரை எங்கே, தாவணியின் மடிப்பு எந்தத் தோளில் எப்படி விழ வேண்டும், இடுப்பில் எந்த நிறம் வெட்டித் தெரிய வேண்டும் என்று பட்டியல் நீளும்.

அளவு எடுப்பதில் அப்படி என்ன சூட்சுமம்?

நிற்க வைத்து மட்டும் அளவெடுத்தால் உடை நிற்பதற்கு மட்டுமே பொருந்தும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒருமுறை நின்றபடி, ஒருமுறை அரைமண்டியில், அதாவது முழங்கால்களை வெளிப்பக்கம் விரித்துப் பாதி உட்கார்ந்த நிலையில். முழங்கால்கள் விரியும்போது இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். விசிறி அந்த இடைவெளியில்தான் மலர்கிறது. மடிப்பு குறைந்தால் அரைமண்டியில் துணி விண்ணென்று இழுத்துக்கொண்டு பலகை போல் நிற்கும். மடிப்பு அதிகமானால் இடுப்பில் மூட்டை சேரும். விசிறி நீளமாகப் போனால் காலில் சிக்கும்.

பைஜாமாவில் சீட் பகுதி ஆழமாக இருக்க வேண்டும். முழுமண்டியில், அதாவது முழுதாகக் கீழே உட்காரும் நிலையில், கிழியும் இடம் அதுதான். ரவிக்கையில் கைக்குழியைத் தாழ வெட்டினால் கை நன்றாகத் தூக்கலாம் என்று நினைப்பது புதியவர்களின் வழக்கம். நடப்பது தலைகீழ்: கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலே ஏறிவிடும். கைக்குழியை உடம்பை ஒட்டி உயர்த்தி வெட்டி, அக்குளில் டைமண்ட் வடிவத்தில் சின்னத் துண்டு ஒன்று வைத்துத் தைத்தால் தோள் வரிசையில் கை நீட்டினாலும் இடுப்பு அசையாது.

ட்ரையலுக்கு வந்ததும் நடனமணியைக் கண்ணாடி முன்னால் நிற்க விடாதீர்கள், பெற்றோர் போட்டோ எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் மண்டி அடவு (முழங்காலைத் தரையில் ஊன்றி ஆடும் அசைவு) போடச் சொல்லுங்கள். அப்புறம் கொஞ்சம் குதிக்கச் சொல்லுங்கள். இரண்டையும் தாங்கினால்தான் கண்ணாடி.

வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வயதில் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிக் கூச்சம் அதிகம். அளவைச் சத்தமாகப் படித்துச் சொல்வதும், “இன்னும் ரெண்டு கிலோ குறைச்சிட்டா நல்லா இருக்கும்” என்று அம்மாவிடம் சொல்வதும் நம் வேலை இல்லை. இருக்கிற உடம்புக்கு அழகாகத் தைத்துக் கொடுப்பதற்குத்தான் நம்மிடம் வருகிறார்கள்.

எந்தத் துணி நல்லது?

பொதுவாக ஒரு பெரியவருக்கான உடையை ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றிலிருந்து வெட்டி எடுக்கலாம். இரண்டு பக்கமும் கரை இருக்கிற சேலையாகப் பாருங்கள், விசிறிக்கும் தாவணிக்கும் கரை தேவைப்படும். காஞ்சிபுரம் கனமானது, மடிப்பு நிமிர்ந்து நிற்கும். ஆரணிப் பட்டு லேசானது, சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது. செயற்கைப் பட்டு விலை குறைவு, ஆனால் காற்றுப் புகாது. அரை மணி நேரத்துக்கு மேல் போகும் வர்ணம் என்ற நாட்டிய உருப்படியில் அந்த உடைக்குள் இருப்பவரின் கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். எந்தத் துணியானாலும் உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கட்டாயம். அது சாயம் போகுமா என்று நனைத்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள்.

குழு நாட்டியத்துக்கு ஒரே நிறம் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே சாயத் தொகுப்பிலிருந்து வாங்குங்கள். நான்கு சேலை குறைகிறது என்று பிறகு போய் வாங்கினால், கடையில் ஒன்றாகத் தெரிந்த அரக்கு மேடையில் இரண்டு அரக்காகத் தெரியும்.

நகையும் உங்கள் கணக்கில் வர வேண்டும். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே உண்டு. கெம்பு என்னும் சிவப்புக் கல் வைத்த அசல் நகை கனமாக இருக்கும். ஒட்டியாணம் எந்த இடத்தில் உட்காரும் என்று தெரியாமல் இடுப்புப் பட்டியைத் தைக்காதீர்கள்.

நாடகத்தில் வேலை எங்கிருந்து தொடங்கும்?

பிரதியிலிருந்து. முதல் வாசிப்பில் எதையும் குறிக்காமல் கதையாகப் படியுங்கள். இரண்டாவது வாசிப்பில் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள்: மேலே காட்சிகள், பக்கத்தில் பாத்திரங்கள். யார் எந்தக் காட்சியில் வருகிறார், என்ன உடையில் வருகிறார், வெளியே போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நிரப்புங்கள். ஒரே நடிகர் மூன்று வேடம் போடுவது நம் குழுக்களில் சாதாரணம். அப்படி இருக்கும்போது பிரச்சினை எங்கே வரும் என்று இந்தத் தாள் முன்கூட்டியே காட்டிவிடும்.

ஒரு நிமிடத்துக்குள் உடை மாற வேண்டும் என்றால் அடியில் ஒன்றை உடுத்தி மேலே ஒன்றைப் போடுவதுதான் வழி. வெல்க்ரோ எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் மேடையில் ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது திரைக்குப் பின்னால் அதைப் பிரித்தால் கடைசி வரிசை வரை கேட்கும். அமைதியான காட்சிக்குப் பக்கத்தில் கொக்கியோ அழுத்துப் பொத்தானோ வையுங்கள். நாடா முடிச்சு விழும். ஊக்கு இருட்டில் குத்தும், ஆனாலும் ஒரு கைப்பிடி ஊக்கு சட்டையில் குத்திக்கொண்டு நிற்காத உடைப் பொறுப்பாளரை நான் பார்த்ததில்லை.

புது உடையைப் பழையதாக்குவதும் வேலைதான். ஏழை விவசாயி பாத்திரத்துக்குக் கடையிலிருந்து வந்த வேட்டியைக் கட்டிவிட்டால் விளம்பரப் படம் மாதிரி இருக்கும். டீத்தண்ணீரில் முக்கி, முழங்கால் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பல முறை துவைத்துக் கசக்க வேண்டும். நடிகருக்கு ஒத்திகையிலேயே அதைக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது, உடம்பே அதைப் பழக்கிக்கொள்ளும்.

சோழர் கால நாடகம். ரவிக்கை போடலாமா?

நேர்மையான பதில்: தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் இருக்கும் சோழர் கால ஓவியங்களில் ஆடும் பெண்கள் தைத்த ரவிக்கை போட்டிருக்கவில்லை. வெண்கலச் சிலைகளிலும் அப்படித்தான். இன்றைய மேடையில் அதை அப்படியே செய்ய முடியாது. தோல் நிறத்துக்கு நெருங்கிய கச்சை, அதன்மேல் நகை என்று ஒரு சமரசத்துக்கு வருவோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் பார்வையாளரின் மனதில் இருக்கும் ராஜா. அவர் வெல்வெட் அங்கி, சரிகை, சமிக்கி, பளபளக்கும் கிரீடத்தோடு வருவார். அந்த ராஜா பார்சி சமூகத்தார் நடத்திய நாடகக் குழுக்களிலிருந்து, ஊர் ஊராகப் போய் நடித்த தமிழ்க் கம்பெனி நாடகத்துக்கு வந்து, அங்கிருந்து சினிமாவுக்குப் போனவர். ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ மாதிரியான பிரம்மாண்ட நாடகங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அதுதான் புராணம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது, மேடையில் அது வேலை செய்கிறது. என் கட்சி இதுதான்: வரலாற்றுக்குப் போகிறீர்களா, கம்பெனி நாடகத்துக்குப் போகிறீர்களா என்று இயக்குநர் முதல் நாளே முடிவு செய்யட்டும். ராஜா வெல்வெட்டிலும் மந்திரி சிற்பத்திலிருந்து இறங்கியவராகவும் இருந்தால் இரண்டு நாடகம் ஒரே மேடையில் நடப்பது மாதிரி ஆகிவிடும்.

கூத்து அலங்காரத்தை நவீன நாடகத்தில் எடுத்தாளலாமா?

எடுத்தாளலாம், கற்றுக்கொண்டு. தெருக்கூத்து என்றும் சொல்லப்படும் கட்டைக்கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டியவை. விடிய விடிய, குறைந்த வெளிச்சத்தில், திறந்த வெளியில் ஆடுவதற்காக உருவானவை. அந்த வெளிச்சத்தில் கண்ணாடி மின்னும். இன்றைய அரங்கின் விளக்கில் அதே கண்ணாடி முன்வரிசைக்காரர் கண்ணைக் குத்தும். உடையின் கனமும் சும்மா வந்ததில்லை. அதைக் கட்டியவுடன் நடிகர் நிற்பதும் சுழல்வதும் மாறும். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பு உடுத்தியவர் ஆடுவதைப் பார்த்தால், விரிந்த அந்த உடை ஆட்டத்தை எப்படி நடத்துகிறது என்று புரியும். தெர்மாகோலில் நகல் செய்து மாட்டினால் வடிவம் வரும், ஆட்டம் வராது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 1990 முதல் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கத்தின் நிகழ்ச்சிகளைப் போய்ப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன் வேடம் கட்டும் நேரத்தில் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்தால், எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது கிடைக்கும்.

கடையில் பார்த்த நிறம் மேடையில் ஏன் மாறிவிடுகிறது?

விளக்கின் நிறத்தால். சிவப்பு வெளிச்சத்தில் பச்சை உடை கறுத்துப்போகும். நீல வெளிச்சத்தில் சிவப்பு செத்துவிடும். மஞ்சள் கலந்த வெளிச்சத்தில் நீலம் சாம்பல் பூசிக்கொள்ளும். ஒளி அமைப்பாளரிடம் எந்தக் காட்சிக்கு என்ன நிறம் என்று கேட்டு, துணியில் ஒரு துண்டைக் கொண்டுபோய் அந்த விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். பின்திரை கறுப்பு என்றால் கரும்பச்சையும் கருநீலமும் திரையோடு கரைந்து முகமும் கையும் மட்டும் மிதக்கும்.

வருமானம் எப்படி?

ஒழுங்கான மாதச் சம்பளம் கிடையாது. ஒரு தயாரிப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வதுதான் வழக்கம். மார்கழி சீசனுக்கு முந்தைய மாதங்களிலும், வெளிநாட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் அரங்கேற்றம் செய்யும் ஜூலை, ஆகஸ்டுக்கு முன்பும் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் பள்ளி ஆண்டு விழா, வாடகை உடை, பழையதைச் சரிசெய்வது என்று ஓடும். நாடகம் மட்டும் செய்து வாழ்வது சிரமம். நாட்டிய உடைதான் அரிசி பருப்புக்கு, நாடகம் மனசுக்கு. என்னைப் போன்ற பலருக்கும் நிலைமை இதுதான்.

துணிச் செலவையும் உங்கள் கூலியையும் ஒரே தொகையாகப் பேசாதீர்கள். பேசினால், பட்டு விலை ஏறும்போது அது உங்கள் கூலியைத்தான் தின்னும். முன்பணம் துணி வாங்கும் அளவுக்காவது இருக்கட்டும். மீதி, உடையைக் கையில் கொடுக்கும் நாளன்று. நிகழ்ச்சி முடிந்து மாலை போட்ட பிறகு மீதியை வசூலிப்பது தனிக் கலை, அதில் எனக்குத் தேர்ச்சி போதாது. அழைப்பிதழில் உங்கள் பெயர் வர வேண்டும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பாடுபவர், நட்டுவாங்கம், மிருதங்கம், ஒப்பனை வரை பெயர் இருக்கும், உடை மட்டும் விடுபடும்.

இங்கிருந்து சினிமாவுக்குப் போக முடியுமா?

போனவர்கள் இருக்கிறார்கள். தேசிய நாடகப் பள்ளியில் படித்த டாலி அலுவாலியா மேடை உடைக்காகச் சங்கீத நாடக அகாதெமி விருதும், ‘பேண்டிட் குயின்’, ‘ஹைதர்’ படங்களுக்காகத் தேசிய விருதும் பெற்றவர். ஆனால் கண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். கேமரா பொத்தானின் நூலைக்கூடப் பார்க்கும். மேடையில் இருபதாவது வரிசைக்குத் தெரியாத எம்பிராய்டரிக்குப் பணம் செலவழிப்பது வீண்.

உடையை எப்படிப் பராமரிப்பது?

ஆடி முடித்ததும் பையில் திணிக்கக் கூடாது. உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். வியர்வை காய்ந்த பிறகு மடித்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். செம்பு இழை போட்ட ஜரிகை வியர்வை பட்டால் கறுக்கும், சென்ட் அடித்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். மேலை நாட்டு அரங்குகளில் நாற்றம் போக மலிவான வோட்காவை உட்புறம் தெளிக்கும் பழக்கம் உண்டு. பருத்தி நாடக உடைக்கு அது சரிவரும். பட்டில் செய்வதானால் முதலில் மறைவான ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள்.

டொராண்டோவிலிருந்து, லண்டனிலிருந்து அளவை மட்டும் அனுப்பினால் தைத்துத் தருவீர்களா?

தருவோம். டேப்பை நீங்கள் வைத்துக் காட்ட, வீடியோ அழைப்பில் நான் பார்த்துக் குறித்துக்கொள்வேன். அரைமண்டி அளவை அவசியம் உங்கள் குரு பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள், வீட்டில் தனியாக உட்காரும் அரைமண்டி எப்போதும் கொஞ்சம் உயரமாக இருக்கும். நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பாவது அளவு வந்துவிட வேண்டும். மீந்த துணியைப் பெட்டியிலேயே வைத்து அனுப்புவேன். அங்கே யாராவது பிரித்துத் தைக்க நேர்ந்தால் அதைத்தான் தேடுவார்கள்.